கதவை எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள்? தோட்டப்புற நகரில் குற்றத்தை ஆராய வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊருக்கு வந்த முதல் மூன்று மாதம் 'குற்றம்' என்ற சொல்லையே வாயில் எடுக்காதீர்கள். கேங், குண்டர் கும்பல், போதைப்பொருள் எதுவும் வேண்டாம். ஆலோசனை கேட்டு வருகிற மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதிப் பேர் நம்புவதில்லை. அவர்கள் வயதில் யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

முதுகலை ஆய்வுக்காக, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டுக்கு நான் கொண்டு வந்தது பதினாறு பக்கக் கேள்வித்தாள். பிறந்தது பக்கத்து எஸ்டேட் தோட்டத்தில்தான் என்பதால், ஊர் நம்மிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடும் என்ற நினைப்பு வேறு. நான்காவது கேள்வி: 'உங்கள் வசிப்பிடத்தில் குண்டர் கும்பல் நடவடிக்கை உள்ளதா?' நாற்பத்திரண்டு வீடு ஏறி இறங்கினேன். நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில்: "அதெல்லாம் இங்க இல்லம்மா."

கடைசி வீட்டு அக்கா அதைச் சொல்லும்போதே வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வித்தாளை மூடிவிட்டு, சும்மா பேச்சுக்கு, "ராத்திரி எத்தனை மணிக்குக்கா கதவைச் சாத்துவீங்க?" என்று கேட்டேன். "பத்தரை" என்றார். அதோடு நிற்கவில்லை. ஏன் பத்தரை, தோட்டத்தில் இருந்தபோது கதவு எப்போது சாத்தப்பட்டது, எந்த மோட்டார் சத்தம் கேட்டால் முன் விளக்கை அணைப்பார், எந்த மாடிப்படியில் மகளைத் தனியாக ஏற விடமாட்டார் என்று முக்கால் மணி நேரம் பேசினார். கேள்வித்தாளில் இதற்கெல்லாம் கட்டமே இல்லை. பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். என் ஆய்வில் உருப்படியாக மிஞ்சியது அந்தப் பின்பக்கம்தான்.

'யார்' என்று தேடிக்கொண்டு வந்தால் ஊர் வாயை மூடிக்கொள்ளும். எங்கே, எப்போது என்று கேட்டால் பேசும். அதை எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கொஞ்சம் படியுங்கள், நிறைய வேண்டாம்

நகரத்தையும் குற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும் சமூகவியல் சிகாகோவில் வேர் பிடித்தது. 1920களில் அங்கே பாடம் நடத்திய ராபர்ட் பார்க் முன்னாள் பத்திரிகை நிருபர். நூலகத்தில் உட்கார்ந்தது போதும், தெருவுக்குப் போங்கள் என்று மாணவர்களை விரட்டியவர். அந்த வழியில் வந்த கிளிஃபர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் சிறார் நீதிமன்றப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்தார்கள். 1942இல் வந்த அவர்களுடைய நூலின் சாரம் இது: நகர மையத்தை ஒட்டிய, தொழிற்சாலைகள் நெருக்கிய பகுதிகளில் ஒரு காலத்தில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். பிறகு அங்கே போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தார்கள். குடியிருந்தவர்கள் மாறினார்கள், குற்ற விகிதம் மட்டும் அதே இடத்தில் உயரமாகவே நின்றது. அங்கிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகளிடம் விகிதம் இறங்கியது.

இதை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர், அவர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர் என்றது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் நாம் 6.7 விழுக்காடுதான். நீங்கள் குற்றவியல் சமூகவியல் படிக்கிறீர்கள் என்று எந்தக் கல்யாண வீட்டில் சொன்னாலும், சோற்றுப் பந்தியிலேயே இந்த 71 வந்துவிடும். "நம்ம இனம் ஏன்மா இப்படி இருக்கு?" என்பார்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். ஒருவரை 'உறுப்பினர்' என்று யார், எதை வைத்துப் பதிந்தார்கள்? எந்தத் தெருவில் சோதனை அதிகமோ அந்தத் தெருப் பெயர்கள்தானே பட்டியலில் அதிகம் ஏறும்? இவர்களில் எத்தனை பேர் ஒரே மாதிரியான குடியிருப்புகளில் வளர்ந்தவர்கள்? இனத்தைப் பற்றிய கேள்வி இப்படித்தான் இடத்தைப் பற்றிய கேள்வியாக மாறுகிறது. சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977இல், 'சோம்பேறி மலாய்க்காரர்' என்ற பிம்பம் காலனி முதலாளித்துவத்தின் தேவைக்காக எப்படி உருவானது என்று காட்டினார். அதைப் படித்தவர்களுக்கு 'முரட்டு இந்தியப் பையன்' பிம்பத்தைப் பிரித்துப் பார்ப்பது எளிது.

இன்னும் இரண்டு பேர். வில்லியம் ஃபூட் வைட் 1930களின் பிற்பாதியில் பாஸ்டனின் இத்தாலியக் குடியிருப்பில் தங்கி ஆய்வு செய்தவர். சூதாட்டம் நடத்தும் ஒருவரிடம் போலீசுக்குப் பணம் போவதைப் பற்றி நேராகக் கேட்டு, சபையையே ஊமையாக்கினார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த உள்ளூர்க்காரர் மறுநாள் கொடுத்த புத்திமதி: கேட்காதே, கூடவே இரு, பதில் தானாக வரும். மற்றவர் சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சுதிர் வெங்கடேஷ். சிகாகோ அடுக்குமாடிக்குள் கேள்வித்தாளோடு நுழைந்து, 'கறுப்பராகவும் ஏழையாகவும் இருப்பது எப்படி இருக்கிறது?' என்று கேட்டு, 'மிக மோசம்' தொடங்கி 'மிக நன்று' வரை தேர்வு கொடுத்தார். கும்பல் பையன்கள் அவரை இரவு முழுவதும் அங்கேயே பிடித்து வைத்தார்கள். என் நான்காவது கேள்விக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறான் என்று பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது.

இவ்வளவு போதும். மீதியைக் களத்துக்குப் போய்க்கொண்டே படிக்கலாம்.

இரண்டாம் படி: ஊரை வரையுங்கள்

ஒரு பெரிய தாள், பென்சில், நல்ல செருப்பு. கைப்பேசி வரைபடம் வேண்டாம். அதில் கோயில் இருக்கும், கோயில் பின்னால் பையன்கள் உட்காரும் சிமெண்டுத் திண்ணை இருக்காது.

முதலில் ஊர் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். சுங்கை சிப்புட்டின் வடிவத்தில் ஒரு பழைய கொலை வழக்கு ஒளிந்திருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று ஊருக்கு வெளியே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின் கீழ், காட்டோரம் இருந்த சீனக் குடும்பங்களை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டு வந்தார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த வீடுகளை ஒன்றாகக் கூட்டி வேலி போட்டார்கள். யார் எங்கே வசிப்பது, எத்தனை மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது என்பதெல்லாம் பாதுகாப்புக்காக எடுத்த முடிவுகள். நகரத்தில் குற்றம் நடக்கிறது என்று நாம் சொல்கிறோம், இங்கே குற்றத்தைத் தடுக்கப் போட்ட திட்டமே குடியிருப்பை உருவாக்கியது. அந்த மூன்று சாவுகளைக் கொலை என்பதா, போர் என்பதா, விடுதலைப் போராட்டம் என்பதா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். ஒரு செயலுக்குப் பெயர் வைப்பதிலேயே அரசியல் இருக்கிறது என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்த அடுக்கு, தோட்டம் கலைந்த கதை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள், தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளிகளின் சந்தாவில் தோட்டம் வாங்க வழி செய்த அன்றைய அமைச்சர் சம்பந்தன் இதே சுங்கை சிப்புட்காரர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. நகரங்களை ஒட்டிய தோட்டங்கள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளாயின. கவனிக்க வேண்டியது என்னவென்றால், லயத்து வீடு, அதாவது தோட்டத்து வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போனது. ஒரு குடும்பம் ஒரே மாதத்தில் சம்பளம், வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில், பக்கத்து வீட்டுப் பாட்டி எல்லாவற்றையும் இழந்து, நகர ஓரத்து மலிவு வீட்டில் போய் விழுந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரியவர்களிடம் பேசினால், "தோட்டத்துல கதவே சாத்த மாட்டோம்மா" என்பார்கள். பாதி உண்மை. ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய சகாக்களும் சிகாகோவின் 343 வட்டாரங்களில் 8,782 பேரிடம் கேட்டு 1997இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பாதியை ஆதரிக்கும். பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருமுனையில் நிற்கும் பிள்ளையை அக்கம்பக்கத்தார் தட்டிக் கேட்பார்களா என்பது அதில் ஒரு கேள்வி. ஒருவரை ஒருவர் நம்பி இப்படித் தலையிடும் வட்டாரங்களில், வறுமையைக் கழித்துப் பார்த்தாலும், வன்முறை குறைவாக இருந்தது. லயத்தில் எந்தப் பாட்டியும் எந்தப் பிள்ளையின் காதையும் திருகலாம், அடுக்குமாடியில் முடியாது. சரி. ஆனால் அதே லயத்தில் கள்ளுக்கடை வாசலில் சம்பளம் கரைந்தது, மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் வைத்ததுதான் சட்டம், அடி வாங்கிய பெண் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போக பஸ் கூட இல்லை. அதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறாத குற்றங்கள். கதவு திறந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளும்போது, உள்ளே என்ன நடந்தது என்பதையும் கேட்டுக் குறியுங்கள்.

இனி நேரம். ஒரே வழியை ஒரே நாளில் நான்கு தடவை நடங்கள்: விடிகாலை ஐந்தரை, பகல் ஒன்றரை, மாலை ஏழு, இரவு பதினொன்று. கடைசி நடைக்குத் துணையோடு போங்கள், ஆணாக இருந்தாலும். தொழிற்சாலை வேன் எங்கே நிற்கிறது, யார் ஏறுகிறார்கள், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்த ஒட்டுக்கடை எப்போது மூடுகிறது, மோட்டார் பட்டறையில் வேலை இல்லாமல் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நான் சுற்றிய குடியிருப்பில் பள்ளி விடுவது ஒன்றேகாலுக்கு, அம்மாக்களின் ஷிஃப்ட் முடிந்து வேன் வருவது ஏழரைக்கு. நடுவில் ஆறேகால் மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சோறு, நிழல், சார்ஜர், மோட்டார், மரியாதை எல்லாம் எங்கே கிடைக்கிறது என்று பார்த்தால், பாதி ஆய்வு அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

மூன்றாம் படி: எண்களோடு பழகுங்கள்

புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. தரவு காவல்துறையுடையது. அரசின் திறந்த தரவுத் தளத்தில் மாவட்ட வாரியாகவும் கிடைக்கிறது. குறியீட்டுக் குற்றங்கள் என்று இரண்டு பெட்டி இருக்கும். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, காயம் விளைவித்தல் ஆகியவை வன்முறைப் பெட்டியில். வீடு உடைப்பு, வாகனத் திருட்டு, வழிப்பறி போன்றவை சொத்துப் பெட்டியில். போதைப்பொருள் இந்த இரண்டு பெட்டியிலும் இல்லை, அது தனிக் கணக்கு. தெரியாமல் ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன்.

இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. சுங்கை சிப்புட் நிர்வாகத்தில் கோல கங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. காவல்துறைக்கோ அது தனி மாவட்டம். குற்ற எண்ணிக்கையைக் காவல் மாவட்டத்திலிருந்தும் மக்கள்தொகையை நிர்வாக மாவட்டத்திலிருந்தும் எடுத்து வகுத்தால், வரும் விகிதம் குப்பை. எல்லைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வகுங்கள்.

அப்புறம், எது புகாராகிறது என்பது. மோட்டார் திருடு போனால் பாலாய்க்குப் போவார்கள், புகார் இல்லாமல் காப்புறுதிப் பணம் வராது. திருவிழாவில் மண்டை உடைந்தால் போகமாட்டார்கள், கோயில் தலைவர் பேசி முடித்துவிடுவார். கடன் கொடுத்தவன் வந்து கதவில் சாயம் ஊற்றினால், யாருக்கும் தெரியாமல் ராவோடு ராவாகத் துடைத்துவிடுவார்கள். எண்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. எந்தக் குற்றத்துக்கு ஊரில் ரசீது தேவைப்படுகிறதோ, அது எண்ணாகிறது.

பழைய காலத்துக்குத் தேசிய ஆவணக் காப்பகம், 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பு. தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதில் கிடைக்கும். மஜிஸ்திரேட் நீதிமன்றத்தையும் மறந்துவிடாதீர்கள். பொதுவாக யாரும் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், காசு கிடையாது. ஒரு வாரம் உட்காருங்கள். வழக்கறிஞர் இல்லாமல் நிற்பவர் எத்தனை பேர், ஜாமீன் தொகையைக் கேட்டதும் எந்த அம்மா தாலியைத் தொட்டுப் பார்க்கிறார் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது.

நான்காம் படி: சட்டம். இதைத் தாண்டிப் போகாதீர்கள்

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு பேட்டியும் எடுக்காதீர்கள். பள்ளிக்குள் போகக் கல்வி அமைச்சின் அனுமதி தனி, அதற்கு இணைய விண்ணப்பம் உண்டு. சிறைக்கும், சிறார் சீர்திருத்தப் பள்ளியான ஹென்றி கர்னி பள்ளிக்கும் சிறைத்துறையைக் கேட்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அந்தக் காத்திருப்பில்தான் வரைபடம் போடச் சொல்கிறேன்.

புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று: வழக்கறிஞரின் ரகசியம் போல் ஆய்வாளருக்கென்று ஒரு சட்டக் கவசம் இங்கே கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொலை, கொள்ளை போன்ற குற்றங்கள் நடந்ததோ நடக்கப்போவதோ தெரிந்தால், தகுந்த காரணம் இல்லாவிட்டால் உடனே தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே பேட்டி தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நான் சொல்வது இப்படி: "தம்பி, உன் வாழ்க்கையைப் பத்தி பேசு. எந்தச் சம்பவம், எந்தத் தேதி, யாரோட பேரு இதெல்லாம் எனக்கு வேணாம். சொன்னா எனக்கும் பிரச்சனை, உனக்கும் பிரச்சனை." கேட்டதும் பையன்கள் நிம்மதியாகிறார்கள். நாம் உளவாளி இல்லை என்பது அதில்தான் உறைக்கும் போல.

இன்னொன்று, பொக்கா என்று எல்லோரும் சொல்லும் 1959ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம். 2013இல் திருத்தி, விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டு வரை தடுத்து வைக்க வழி செய்தார்கள். வெளியே விட்டாலும் மேற்பார்வையில் வைக்கலாம்: இந்த மாவட்டத்தைத் தாண்டக்கூடாது, இத்தனை மணிக்குமேல் வீட்டில் இருக்க வேண்டும், காலில் மின்னணுக் கருவி. அப்படிப்பட்டவரை, "ஈப்போவுல ஒரு கோப்பி குடிச்சுக்கிட்டுப் பேசலாமா?" என்று கூப்பிட்டால், அவரை உள்ளே தள்ளுவது நீங்கள்தான். நேரத்தையும் இடத்தையும் அவரே சொல்லட்டும். காவல்துறை ஆவணத்தை யாராவது நட்பாகக் காட்ட வந்தால் வாங்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். அரசாங்க ரகசியச் சட்டம் 1972 விளையாட்டுக்கு இல்லை.

ஐந்தாம் படி: ஆட்கள்

முதலில் ஓடி வந்து உதவுகிறவரைச் சந்தேகிக்க வேண்டாம், ஆனால் அவரோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். எனக்கு முதலில் உதவியவர் ஒரு கோயில் பொறுப்பாளர். காடியில் (காரில்) ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். இரண்டு வாரம் கழித்துத்தான் ஒன்று தெரிந்தது. அவருக்கு வேண்டாத தரப்பின் தெருக்கள் எதையும் நான் பார்க்கவே இல்லை, அந்தத் தெருக்காரர்களோ என்னை அவர் வீட்டுப் பிள்ளை என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

அதனால் மூன்று வாசல் தேடுங்கள். என் அனுபவத்தில் நல்லவை: மோட்டார் பட்டறை, டியூஷன் நடத்தும் ஆசிரியை, பிண ஊர்வலத்துக்கு மேளம் அடிக்கும் குழு. மூன்றாவதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எந்தச் சாவுக்கு எத்தனை மோட்டார் வந்தது, யார் வரவில்லை, எந்தப் பதாகையைப் போலீஸ் இறக்கச் சொன்னது என்று மேளக்காரருக்குத் தெரிந்ததில் கால்வாசி ஆய்வாளருக்குத் தெரியாது. ஆண் ஆய்வாளர்கள் கோயில் மடப்பள்ளியை விட்டுவிடுகிறார்கள். காய்கறி நறுக்க உட்கார்ந்தால் ஊரின் இருபது வருடக் கடன் கணக்கு அங்கே பேசப்படும். பெண்களுக்கு அது திறந்த வாசல், இரவுக் கோப்பிக்கடை அடைத்த வாசல். யாருக்கு எது கிடைக்கவில்லை என்பதையும் ஆய்வில் எழுத வேண்டும்.

சொற்களில் கவனம். பையன்கள் 'குண்டர் கும்பல்' என்று சொல்லமாட்டார்கள், அது பத்திரிகைத் தமிழ். 'நம்ம பசங்க', 'செட்டு', 'நம்பர்'. இங்கே கும்பல்களை 04, 08, 36 என்று எண்களால்தான் அடையாளம் சொல்வார்கள். நீங்களாக எந்த எண்ணையும் உச்சரிக்காதீர்கள், எண் போட்ட சட்டையையும் போடாதீர்கள். என் மாணவர் ஒருவர் கால்பந்துச் சட்டையோடு போய், அரை நாள் விளக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

என்ன கேட்பது? கதவு சாத்தும் நேரம். மோட்டாரை எங்கே நிறுத்துகிறீர்கள். அவசரத்துக்கு நூறு வெள்ளி (ரிங்கிட்) வேண்டுமென்றால் யாரிடம் போவீர்கள். பள்ளியில் கடைசியாக யார் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். போலீஸ் உங்களைக் கடைசியாக நிறுத்தியபோது ஐ.சி.யை (அடையாள அட்டையை) பார்த்துவிட்டு என்ன கேட்டார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குக் குற்றமே செய்யாத பிள்ளைகளிடமிருந்து நீளமான பதில்கள் வரும். ஒரு பையன், பதினேழு வயது, எஸ்.பி.எம் என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகிறவன், சொன்னான்: "டீச்சர், நான் கேங்ல இல்லன்னு ரெண்டு பேர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கு. போலீஸ்காரங்க நம்ப மாட்டாங்க. கேங்காரங்க நம்பிட்டா பிரச்சனை." பல்கலைக்கழகத்தில் ஓர் அரையாண்டு முழுக்க நடத்தும் பாடத்தை அவன் தே தாரிக் ஆறுவதற்குள் முடித்துவிட்டான். என்னை ஏன் டீச்சர் என்றான் என்று கேட்காதீர்கள். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்த ஊரில் வேறு பட்டம் கிடையாது.

காசு கொடுக்கலாமா? பேட்டிக்குப் பணம் தருவதை நான் தவிர்க்கிறேன். பசியாற வாங்கித் தருவேன், விண்ணப்பப் படிவம் நிரப்பித் தருவேன், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பதிவிலாகாவுக்குத் துணையாகப் போவேன். பல்கலைக்கழகத்தில் சிலர் இது ஆய்வின் தூரத்தைக் குலைக்கும் என்பார்கள். அவர்கள் பதிவிலாகா வரிசையில் நின்று பார்க்கட்டும்.

ஆறாம் படி: குறிப்பும் பிழைப்பும்

பேசும்போது எழுதாதீர்கள். மூன்று நான்கு சொல்லை மட்டும் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, அன்று இரவே தூங்கும் முன் எழுதிவிடுங்கள். களத்தில் ஒரு மணி நேரம் என்றால் மேசையில் இரண்டு மணி நேரம். பார்த்தது, கேட்டது, நான் நினைத்தது என்று மூன்று பத்தியாகப் பிரியுங்கள். மூன்றாவது மற்ற இரண்டில் கலந்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே பிரிக்கத் தெரியாது. உண்மைப் பெயரை முதல் நாளிலிருந்தே எழுத வேண்டாம். பெயர்ப் பட்டியல் இருந்தே தீரவேண்டுமென்றால் வேறு இடத்தில், பூட்டி.

பிழைப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்), யு.எஸ்.எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மூன்றிலும் மானுடவியலும் சமூகவியலும் படிக்கலாம். ஆய்வு உதவியாளராகத் தொடங்குவீர்கள், ஒப்பந்தம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ் போன்ற மானியத்தில் பேராசிரியர் ஒருவரின் குழுவில் இடம் கிடைத்தால் களச்செலவு ஓடும். முனைவர் பட்டம் முடியும்போது நண்பர்கள் இரண்டாவது காடி வாங்கியிருப்பார்கள். விரிவுரையாளர் வேலை கிடைக்காதவர்கள் அரசு சாரா அமைப்புகளுக்கும் பத்திரிகைக்கும் போகிறார்கள், சிலர் அங்கேதான் நல்ல வேலை செய்கிறார்கள். மூன்று மொழியும் வேண்டும்: கடிதத்துக்கு மலாய், ஆய்விதழுக்கு ஆங்கிலம், மனிதர்களுக்குத் தமிழ். மூன்றாவதை மட்டும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை என்பதால் அதிலேயே அதிகம் பேர் தோற்கிறார்கள்.

ஏழாம் படி: எழுதிய பிறகு திரும்பிப் போங்கள்

என் பெரிய தவறு இங்கேதான். முதல் கருத்தரங்கில் திரையில் ஒரு வரைபடம் காட்டினேன். குடியிருப்பின் பெயரை மாற்றியிருந்தேன், தெருவின் வளைவை மாற்றவில்லை. ஆற்றோரம் அப்படி வளையும் தெரு அங்கே ஒன்றுதான். பார்வையாளர்களில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். வார இறுதிக்குள் படம் கைப்பேசிக் குழுக்களில் சுற்றியது. ஒரு தாய் என்னை நேரில் நிறுத்திக் கேட்டார்: "எம்மவன் வேலைக்கு மனு போட்டிருக்கான். அட்ரஸைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?" மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வீட்டில் நான் அதற்குப் பிறகு தண்ணீர் குடித்ததில்லை. இடத்தைக் கேள், ஆளைக் கேட்காதே என்று சொல்லித்தருகிற நான்தான், இடமும் ஓர் ஆளைப் போலக் காயப்படும் என்பதை மறந்திருந்தேன்.

இப்போது வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, கோயிலையும் பள்ளியையும் இடம் மாற்றி, இரண்டு குடியிருப்புகளை ஒன்றாகக் கலந்துதான் வெளியே காட்டுகிறேன். அச்சுக்குப் போகும் முன் சம்பந்தப்பட்ட பகுதியைத் தமிழில் எழுதி, பேசியவர்களிடம் எடுத்துப் போய் வாசித்துக் காட்டுகிறேன். ஆட்சேபித்தால் எடுத்துவிடுவேன். எடுத்ததால் கட்டுரை கெட்டுப்போனது என்று இதுவரை ஒரு தடவைதான் தோன்றியிருக்கிறது.

போன வருடம் அந்த நாற்பத்திரண்டாவது வீட்டு அக்காவிடம் அப்படி ஒரு பகுதியை வாசித்தேன். முழுதும் கேட்டார். மகனைப் பற்றிய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"பத்தரைன்னு போட்டிருக்கீங்க. இப்பல்லாம் ஒம்பதுக்கே சாத்திடறேன்."